கரும்பலகையும் ஒரு காவல்



பள்ளிக்கூடத்தின் பாதுகாப்பு என்று சொன்னதும் நம் மனத்தில் முதலில் தோன்றுவது எது? சுற்றிலும் போட்ட வேலி, இரும்புக் கதவு, வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலர், சுவரில் மாட்டிய சிவப்பு நிறத் தீயணைப்புக் குப்பி. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பாதுகாப்பைப் பற்றிப் பேச்சு எழுந்தால், பெரும்பாலும் வேலி கட்டப் பணம் எங்கிருந்து வரும் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இவை எல்லாம் வேண்டியவைதாம். ஆனால் இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது வேலியைப் பற்றியன்று. காலை ஏழரை மணி முதல் பகல் ஒரு மணி வரை வகுப்பறைக்குள் நடக்கிறதே பாடம், அந்தப் பாடத்துக்கும் பிள்ளைகளின் உயிருக்கும் என்ன தொடர்பு என்பதைத்தான் இன்று சற்று விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

இதற்கு வெகு தூரம் போகவேண்டியதில்லை. நம் பினாங்குக் கரையிலேயே தொடங்கலாம்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26ஆம் நாள். ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அக்காலத்தில் நம் நாட்டில் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கியதால், டிசம்பர் முழுவதும் பிள்ளைகளுக்கு விடுமுறை. அன்று காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்னால், அதாவது 8 மணி 58 நிமிடத்துக்கு, சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால் கடலுக்கடியில் பூமி பிளந்தது. அதன் அளவு 9.1. உலகத்தில் கருவி கொண்டு பதிவு செய்யப்பட்ட மாபெரும் நிலநடுக்கங்களுள் ஒன்று. ஜார்ஜ்டவுனில் அடுக்குமாடி வீடுகளில் குடியிருந்தவர்களுக்குக் கட்டிடம் ஆடியது தெரிந்தது. விளக்குகள் ஊசலாடின. பலர் அலறிக்கொண்டு கீழே இறங்கி வந்து, நின்று பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்று திரும்பவும் மேலே ஏறிப் போனார்கள்.

அதன் பிறகு என்ன நடந்தது? ஞாயிற்றுக்கிழமை அல்லவா! சோறு கட்டிக்கொண்டு, பாய் எடுத்துக்கொண்டு, குடும்பம் குடும்பமாகக் கடற்கரைக்குப் போனார்கள். பத்து பெரிங்கி, தஞ்சோங் பூங்கா, தெலுக் பஹாங், பாலிக் புலாவ் பக்கத்தில் பாசீர் பாஞ்சாங் ஆகிய இடங்களிலெல்லாம் பிள்ளைகள் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தார்கள். பகல் ஒரு மணிக்கு மேல் அலை வந்தது. மலேசியா முழுவதிலும் அன்று உயிரிழந்தவர்கள் 68 பேர். அவர்களில் 52 பேர் பினாங்கு மாநிலத்தில் மாண்டவர்கள். நமக்கு நேர் வடக்கே, கெடாவின் கோத்தா கோலா மூடா மீன்பிடிக் கிராமமும் சிதைந்து போயிற்று.

நேயர்களே, இந்த நேரக் கணக்கை ஒரு முறை மனத்தில் வாங்கிப் பாருங்கள். பூமி ஆடியது ஒன்பது மணிக்கு. அலை வந்தது ஒரு மணிக்கு மேல். இடையில் நான்கு மணி நேரம். காலைப் பசியாறி, கோழி வாங்கி, கறி சமைத்து, பேருந்து பிடித்துக் கடற்கரைக்குப் போய்ச் சேரும் அளவுக்கு நீண்ட நான்கு மணி நேரம். ஆட்டம் உடம்பிலே தெரிந்தது. ஆனால் அந்த ஆட்டத்துக்கும் கடலுக்கும் தொடர்பு உண்டு என்பது எவருக்கும் தோன்றவில்லை. தோன்றாததற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஏனென்றால் யாரும் அவர்களுக்கு அதைச் சொல்லித் தந்ததில்லை. சுமத்ரா நமக்குக் கேடயமாக நிற்கிறது, மலாக்கா நீரிணையில் பேரலை எழாது என்றுதான் நாம் எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்தோம்.

இப்போது அதே நாளில், நமக்கு வடக்கே தாய்லாந்தின் பூக்கெட் தீவில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே மாய் காவ் என்று ஒரு கடற்கரை. இங்கிலாந்திலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு குடும்பம் காலையில் கரையோரமாக நடந்து கொண்டிருந்தது. அந்தக் குடும்பத்தில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயதுச் சிறுமி. கடல் வழக்கம்போல் வந்து வந்து திரும்பவில்லை, நீர் மேலே மேலே ஏறி வந்துகொண்டே இருக்கிறது, நுரை பொங்குகிறது என்பதை அவள் கண்டாள். இரண்டு வாரங்களுக்கு முன்னால்தான் பள்ளிக்கூடத்தில் ஆண்ட்ரூ கியர்னி என்ற ஆசிரியர் புவியியல் பாடத்தில் சுனாமியைப் பற்றி நடத்தியிருந்தார். ஹவாய்த் தீவில் 1946ஆம் ஆண்டு எழுந்த பேரலையின் படத்தையும் வகுப்பில் போட்டுக் காட்டியிருந்தார். அந்தப் படத்தில் கண்டதும் கண்ணெதிரே காண்பதும் ஒன்றாக இருப்பதைச் சிறுமி கண்டுகொண்டாள். தாயிடம் சொன்னாள், தாய்க்கு உடனே நம்பிக்கை வரவில்லை. அழுது அடம்பிடித்துச் சொன்னாள். தந்தை கேட்டார், கேட்டுவிட்டு விடுதிக் காவலரிடம் போய்ச் சொன்னார். கரையிலிருந்த நூறு பேரளவில் அப்புறப்படுத்தப்பட்டனர். அந்தக் கடற்கரையில் அன்று ஓர் உயிரும் போகவில்லை.

இந்தக் கதையைப் பலர் அந்தச் சிறுமியின் துணிவைப் புகழ்வதற்காகச் சொல்வார்கள். புகழட்டும், தவறில்லை. ஆனால் நாங்கள் இதில் வேறு இரண்டு பேரையும் பார்க்கிறோம். ஒருவர் அந்த ஆசிரியர். அவர் பாதுகாப்பு வகுப்பு எடுக்கவில்லை. பாடத்திட்டத்தில் இருந்த ஒரு பாடத்தைத்தான் எடுத்தார். எடுத்த பாடத்தைப் பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும்படி எடுத்தார், அவ்வளவுதான். மற்றொருவர் அந்தத் தகப்பனார். பத்து வயதுப் பிள்ளை சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டார். நம் வீடுகளில் அப்படிக் கேட்போமா? "சின்னப் பிள்ளை, உனக்கென்ன தெரியும், பேசாமல் இரு" என்போமா? இதை உங்கள் மனத்துக்கே விட்டுவிடுகிறோம்.

ஹவாயைப் பற்றிச் சொன்னோம் அல்லவா? அங்கே 1946 ஏப்ரல் முதல் நாள் காலையில் லாப்பாஹோஏஹோஏ என்ற ஊரில், கடலையொட்டிய பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வந்து கூடிக்கொண்டிருந்தார்கள். கடல் உள்வாங்கியதைக் கண்டு வேடிக்கை பார்க்கக் கரைக்கு ஓடினார்கள் சிலர். மாணவரும் ஆசிரியருமாக இருபதுக்கும் மேற்பட்டவர்களை அலை கொண்டு போயிற்று. கடல் பின்வாங்கினால் அது வேடிக்கையன்று, எச்சரிக்கை என்று அங்கிருந்தவர்களுக்கு அன்று தெரியாது. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தெரியாமல் மாண்ட அந்தப் பேரலையின் படத்தைப் பார்த்துத்தான், 58 ஆண்டுகளுக்குப் பிறகு இன்னொரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை தெரிந்துகொண்டு நூறு பேரைக் காப்பாற்றினாள்.

சரி, அந்தப் பாடத்தில் அப்படி என்னதான் இருக்கிறது? சுருக்கமாகச் சொல்கிறோம். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் அவர்களும் கேட்கட்டும்.

காற்றடித்து எழும் அலை கடலின் மேற்பரப்பில் மட்டும் ஓடுவது. சுனாமி அப்படியன்று. கடலின் தரையே திடீரென்று உயர்ந்தோ தாழ்ந்தோ போவதால், அடி முதல் மேல் வரை உள்ள முழு நீரும் தள்ளப்பட்டு நகர்வது அது. தொட்டி நிறைய நீர் வைத்து அடியில் தட்டிப் பாருங்கள், விளங்கும். அதன் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. நான்கு கிலோமீட்டர் ஆழமுள்ள பெருங்கடலில் மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல், ஆகாய விமானத்தைப்போல் ஓடும். அறுபது மீட்டர் ஆழமே உள்ள நீரில் மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். மலாக்கா நீரிணை ஆழம் குறைந்தது. அதனால்தான், சுமத்ராவின் வடமுனையைச் சுற்றிக்கொண்டு நீரிணைக்குள் நுழைந்த அலைக்குப் பினாங்கு வந்து சேர நான்கு மணி நேரம் பிடித்தது. வங்கக் கடல் ஆழமானது. ஆகவே நம்மைவிட மும்மடங்குக்கும் மேல் தொலைவில் இருக்கும் நாகப்பட்டினத்துக்கு அதே அலை இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பொழுதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். ஆழம் குறையக் குறைய வேகம் குறையும், ஆனால் பின்னால் வரும் நீர் முன்னால் உள்ளதன்மேல் ஏறி உயரம் கூடும். கரையில் சுவர்போல் எழுவது இதனாலேதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கடல் எப்போதும் முதலில் உள்வாங்கும் என்று சிலர் நினைத்திருக்கிறார்கள். அது சரியன்று. கடல்தரை எந்தப் பக்கம் தாழ்ந்ததோ அந்தப் பக்கத்துக் கரையில் நீர் முதலில் பின்வாங்கும். உயர்ந்த பக்கத்தில் நேராகவே ஏறி வரும். ஆகவே கடல் வற்றவில்லையே என்று காத்திருக்கக் கூடாது. நிலம் ஆடிற்றா, கடற்கரையில் இருக்கிறோமா, மேட்டுக்கு ஏறவேண்டும். ஓர் அலை போனதும் இறங்கவும் கூடாது. அடுத்தடுத்து வரும், பின்னால் வருவது முன்னதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம்.

பள்ளிக்கூடம் இல்லாமலும் இந்த அறிவு வாழ முடியும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. நிலநடுக்கம் எழுந்த இடத்துக்கு மிக அருகில் சிமலூ என்று ஒரு தீவு. 1907இல் அங்கே ஒரு பேரலை வந்து பெரும் நாசம் செய்தது. பிழைத்தவர்கள் அதற்குச் 'செமோங்' என்று பெயர் வைத்து, கதையாகவும் பாட்டாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தார்கள். நிலம் பலமாக ஆடினால், கடல் வற்றினால், மலைக்கு ஓடு என்பதே அதன் சாரம். 2004இல் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழே பேர். பாட்டிமார் நடத்திய வகுப்பு அது! நம்முடைய பாட்டிமாருக்குத் தோட்டத்துக் காடு தெரியும், பாம்பு தெரியும், ஆற்றுவெள்ளம் தெரியும். அதைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல நேரம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இனி ஜப்பானுக்குப் போவோம். 2011 மார்ச் 11ஆம் நாள், பள்ளிக்கூட நேரத்தில், அந்நாட்டின் வடகிழக்கில் கடல் பொங்கிற்று. இரண்டு பள்ளிகளின் செய்தியை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்கிறோம்.

கமாய்ஷி என்ற ஊரில் ஓர் இடைநிலைப் பள்ளியும் ஓர் ஆரம்பப் பள்ளியும் அருகருகே இருந்தன. சில ஆண்டுகளாகவே அவ்வூர் ஆசிரியர்கள், கத்தாதா தோஷித்தாக்கா என்ற பேராசிரியரின் துணையோடு, சுனாமிப் பாடத்தைத் தனிப்பாடமாக வைக்காமல் மற்றப் பாடங்களுக்குள்ளேயே நுழைத்திருந்தார்கள். கணக்கு வகுப்பில் அலையின் வேகத்தைக் கணக்கிடுவது, வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியில் எங்கே மேடு இருக்கிறது என்று வரைபடத்தில் குறிப்பது, இப்படி. அன்று நிலம் ஆடி ஓய்ந்ததும் இடைநிலைப் பள்ளி மாணவர்கள் மேட்டை நோக்கி ஓடினார்கள். மூன்றாம் மாடிக்கு ஏறியிருந்த ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் அவர்கள் ஓடுவதைக் கண்டு தாங்களும் இறங்கி ஓடிவந்தனர். பெரியவர்கள் சிறியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். குறித்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகும், பின்னாலிருந்த மலைச்சரிவு இடிந்திருப்பதைப் பார்த்து, இங்கே இருப்பது சரியல்ல என்று இன்னும் மேலே, அதற்கும் மேலே ஏறினார்கள். பள்ளிக் கட்டிடங்கள் நீரில் மூழ்கின, பிள்ளைகள் பிழைத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட அந்த ஊரில், ஏறத்தாழ மூவாயிரம் ஆரம்ப, இடைநிலைப் பள்ளி மாணவர்களில் உயிரிழந்தவர்கள் ஐவர். அவர்களும் அந்நேரம் பள்ளிப் பொறுப்பில் இல்லாதவர்கள்.

மற்றொன்று ஒக்காவா ஆரம்பப் பள்ளி. அங்கே நிலநடுக்கத்துக்கும் அலைக்கும் இடையில் ஐம்பது நிமிடம் இருந்தது. பிள்ளைகள் ஒழுங்காக வரிசையில் வந்து திடலில் நின்றார்கள். பெயர் கூப்பிட்டுச் சரிபார்த்தார்கள். பள்ளிக்குப் பின்னாலேயே மலை. அந்த மலைக்குப் பிள்ளைகள் முன்பே பாடத்துக்காகப் போய்க் காளான் வளர்த்திருக்கிறார்கள். மலைக்குப் போகலாம் என்று சில மாணவர்கள் கேட்டதாகப் பிழைத்தவர்கள் பின்னால் சொன்னார்கள். ஆனால் பெரியவர்கள் எங்கே போவது என்று முடிவெடுக்க முடியாமல் நின்றுவிட்டார்கள். 74 மாணவர்களும் 10 ஆசிரியர்களும் மாண்டார்கள். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். பள்ளியின் ஆயத்தக் குறைவுக்கு நகராட்சியும் மாநில நிர்வாகமும் பொறுப்பு என்ற தீர்ப்பு 2019இல் அந்நாட்டின் உச்சநீதிமன்றத்தில் உறுதியாயிற்று.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. வரிசையாக நிற்பது வேறு, அறிந்து நடப்பது வேறு. நம் பள்ளிகளிலும் ஆண்டுதோறும் தீப்பயிற்சி நடக்கிறது. மணி அடிக்கும், பிள்ளைகள் திடலுக்கு வருவார்கள், பொம்பா வண்டியைப் பார்த்துக் கைதட்டுவார்கள், வகுப்புக்குத் திரும்புவார்கள். ஏன் திடலுக்கு வந்தோம் என்று ஒரு பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். "ஆசிரியர் வரச் சொன்னார்" என்று சொன்னால் அந்தப் பயிற்சி பாதிதான் ஆகியிருக்கிறது. "புகை மேலே போகும், அதனால் குனிந்து வந்தோம், கதவைத் திறந்து வைத்தால் காற்றுப் போய் நெருப்பு வளரும், அதனால் கடைசியில் வந்தவன் சாத்திவிட்டு வந்தான்" என்று சொன்னால், அறிவியல் வகுப்பு ஒழுங்காக நடக்கிறது என்று பொருள்.

நெருப்பைப் பற்றிப் பேசும்போது கும்பகோணத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. அதே 2004ஆம் ஆண்டில், ஜூலை 16ஆம் நாள், அங்கே ஒரு பள்ளியில் மதிய உணவு சமைத்த இடத்திலிருந்து எழுந்த தீ, ஓலைக் கூரை வேய்ந்த வகுப்புகளைப் பற்றிக்கொண்டது. குறுகலான படிக்கட்டு. அளவுக்கு மேல் பிள்ளைகள். 94 குழந்தைகள் கருகி மாண்டார்கள். இதைக் கேட்டுவிட்டு, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார்களே என்று யாராவது சொன்னால் நாங்கள் ஒப்பமாட்டோம். ஓலைக் கூரைக்கும் ஒற்றைப் படிக்கட்டுக்கும் பெரியவர்கள்தான் பொறுப்பு. வகுப்பறைப் பாடம் என்பது கட்டிடத்தைக் கட்டுகிறவனும் மேற்பார்வை செய்கிறவனும் செய்யவேண்டிய வேலைக்கு ஈடாகாது. கூரையைச் சரி செய். பிறகு பாடம் நடத்து. இந்த வரிசை மாறக் கூடாது.

இனி நம் தோட்டத்துப் பக்கம் வருவோம். தோட்டப் பள்ளி என்றால் இன்று எல்லாம் தோட்டத்துக்குள்ளேயே இருப்பதில்லை. பைரம், வால்டோர், சங்காட், பத்து காவான், அல்மா என்று பெயரில் தோட்டம் இருக்கும். சுற்றிலும் தொழிற்சாலையும் வீடமைப்பும் வந்துவிட்டிருக்கும். ஆனாலும் செம்பனைக் காட்டு வழியாக நடந்தோ மோட்டார் சைக்கிளிலோ பள்ளிக்கு வரும் பிள்ளைகள் இன்னும் உண்டு. அவர்களுக்குச் சுனாமியைவிட அடிக்கடி வரும் ஆபத்துகள் வேறு.

முதலாவது இடி மின்னல். உலகத்திலேயே இடி மிகுந்த நாடுகளில் நம் நாடும் ஒன்று. மாலை மூன்று மணிக்குத் திடலில் பந்து விளையாடும்போது மேகம் கறுக்கிறது. எப்போது ஓடவேண்டும்? இது நான்காம் ஆண்டுக் கணக்கு. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். அதாவது மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். மின்னல் கண்ணில் பட்டதும் எண்ணத் தொடங்கவேண்டும். பதினைந்து எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் ஐந்து கிலோமீட்டரில் இருக்கிறது. முப்பது எண்ணுவதற்குள் கேட்டாலே கட்டிடத்துக்குள் போய்விடவேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை வெளியே வரக்கூடாது. மரத்தடி உதவாது, தனித்து நிற்கும் கொட்டகையும் உதவாது. இந்தக் கணக்கைப் பிள்ளை படித்துக்கொண்டால் அது அப்பாவுக்கும் பயன்படும். செம்பனைக் குலை வெட்ட அரிவாள் கட்டிய நீண்ட அலுமினியக் கம்பை உயரத் தூக்கி நிற்கிறவர் அவர்தானே! அந்தக் கம்பு மின்கம்பியைத் தொட்டால் என்னாகும் என்பதும் அறிவியல் புத்தகத்தில் மின்கடத்தி என்ற பாடத்தில் இருக்கிறது.

இரண்டாவது நஞ்சு. இதில் ஒரு மொழிச் சிக்கலே இருக்கிறது. தோட்டத்தில் நாம் என்ன சொல்கிறோம்? புல்லுக்கு மருந்து அடித்தேன், பூச்சிக்கு மருந்து அடித்தேன் என்கிறோம். காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, களையைக் கொல்வதும் மருந்து! இரண்டு வயதுக் குழந்தைக்கு எப்படித் தெரியும்? பராகுவாட் என்ற களைக்கொல்லி ஒரு வாய் போதும், உயிரைக் குடிக்க. அதற்கு மாற்று மருந்து கிடையாது. நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து அது தடை செய்யப்பட்டது. ஆனால் நஞ்சு அது ஒன்று மட்டுமா? வேறு எத்தனையோ பூச்சிக்கொல்லி, களைக்கொல்லிகள் புழக்கத்தில் இருக்கின்றன. இங்கே தமிழ் ஆசிரியர் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. நஞ்சு என்ற சொல்லை நஞ்சுக்கே வழங்கச் சொல்லித் தரலாம். அறிவியல் ஆசிரியர் மண்டையோட்டுக் குறியைக் காட்டலாம். பிள்ளை வீட்டுக்கு வந்து, "அம்மா, இந்த ஆரஞ்சுப் போத்தலில் ஏன் நஞ்சை ஊற்றி வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால், தயவுசெய்து அதட்டாதீர்கள். அந்தக் கேள்விக்காகத்தான் பள்ளிக்கு அனுப்புகிறோம்.

தண்ணீரைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. வாய்க்கால், ஈயக் குட்டை, மழைக்காலத்து வடிகால் எல்லாம் நமக்குத் தெரிந்தவை. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கில் பெய்த மழையில் ஏழு பேர் மாண்டதையும், மறுநாளே எஸ்.பி.எம். தேர்வு தொடங்கவிருந்த மாணவர்கள் பட்ட பாட்டையும் நாம் மறந்திருக்க மாட்டோம். முழங்கால் அளவு ஓடும் நீரும் ஆளைத் தள்ளிவிடும் என்பதை மட்டும் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

காற்றிலே வரும் ஆபத்தும் இன்று உண்டு. ஜொகூர் பாசிர் கூடாங்கில் 2019 மார்ச் மாதம், சுங்கை கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய இரசாயனக் கழிவிலிருந்து கிளம்பிய ஆவி, முதலில் தாக்கியது அருகிலிருந்த பள்ளிக்கூடங்களைத்தான். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றார்கள். அவ்வட்டாரத்தில் 111 பள்ளிகளை மூடவேண்டியதாயிற்று. பிறையிலும் பத்து காவானிலும் தொழிற்சாலைகளுக்குப் பக்கத்தில் நம் பள்ளிகள் இருக்கின்றன. காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று கொடியைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த பிள்ளை, நாற்றம் வந்தால் எந்தப் பக்கம் போகக் கூடாது என்பதையும் சொல்லிவிடும்.

இன்னும் ஒரு செய்தி. இதைச் சற்றுத் தயங்கித்தான் பேசவேண்டியிருக்கிறது, ஆனாலும் பேசுகிறோம். எல்லா ஆபத்தும் கடலிலிருந்தும் மேகத்திலிருந்தும் வருவதில்லை. மூத்த மாணவன் அடித்துக் காசைப் பிடுங்குவதும், தெரிந்த ஆள் ஒருவரே பிள்ளையிடம் தகாத முறையில் நடந்துகொள்வதும் உண்டு. இங்கேயும் வகுப்பறைதான் முதல் அரண். கேள்வி கேட்டால் அடி விழும் வகுப்பில், பிள்ளை வாயை மூடிக்கொள்ளக் கற்றுக்கொள்கிறது. தவறான விடை சொன்னாலும் ஆசிரியர் முகம் சுளிக்காமல் கேட்கும் வகுப்பில், பிள்ளை வாய் திறக்கக் கற்றுக்கொள்கிறது. நலக்கல்விப் பாடத்தில் உடம்பைப் பற்றியும், யார் எங்கே தொடக்கூடாது என்பதைப் பற்றியும் நடத்துகிறார்களே, அதைக் கேட்டு வெட்கப்பட்டு, இதெல்லாம் ஏன் பிள்ளைகளுக்கு என்று சண்டைக்குப் போகும் பெற்றோரை நாங்கள் அறிவோம். பிள்ளைக்குச் சொல்லத் தெரிந்தால்தானே நமக்குத் தெரியவரும்? சிறுவர்களுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கென்று 2017இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. 15999 என்ற தாலியான் காசே எண்ணும் இருக்கிறது. சட்டமும் எண்ணும் இயங்க வேண்டுமானால், முதலில் ஒரு பிள்ளை ஒரு பெரியவரிடம் வாய் திறக்கவேண்டும்.

அப்படியானால் பெற்றோர் செய்யவேண்டியது என்ன? மரம் வெட்டிவிட்டும் தொழிற்சாலையில் நின்றுவிட்டும் களைத்து வரும் உங்களைப் புத்தகத்தைத் திறந்து வைத்துப் பாடம் சொல்லிக் கொடுங்கள் என்று நாங்கள் சொல்லப் போவதில்லை. ஒன்று செய்யலாம். சாப்பிடும்போது, "இன்றைக்கு அறிவியலில் என்ன நடத்தினார்கள்? எனக்குச் சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும்போது அதன் காரணத்தைக் கேளுங்கள். ஏன் என்பதற்கு விடை வரவில்லையென்றால், மறுநாள் ஆசிரியரைக் கேட்டு வரச் சொல்லுங்கள். நாம் கேட்கிறோம் என்று தெரிந்தால் பிள்ளை வகுப்பில் இன்னும் கூர்ந்து கேட்கும். ஆசிரியருக்கும் அது உற்சாகம்தான்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குப் போனால், வேலிக் கணக்கோடு வேறு சிலவற்றையும் கேளுங்கள். பின்பக்கக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது? மழை பெய்துகொண்டிருக்கும்போது தீப்பயிற்சி என்றைக்காவது நடந்ததா? நடக்க முடியாத பிள்ளையை யார் தூக்கி வருவது என்று பெயர் குறித்திருக்கிறார்களா? பாலர் பள்ளிக் குழந்தைகளோடு ஆறாம் ஆண்டு மாணவர்கள் சேர்ந்து பயிற்சி செய்கிறார்களா? இவற்றைக் கேட்பது தலைமையாசிரியரைக் குறை சொல்வதாகாது. கேட்கிற முறையில் கேட்டால் அவரும் மகிழ்வார்.

முடிக்குமுன் மலாய்ப் பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்ப்பள்ளியில் மலாய்ப் பாடத்தைத் தேர்வுக்காக மட்டும் படிப்பதாக நினைக்கிறோம். 999 என்ற எண்ணை அழைத்தால் மறுமுனையில் பேசுகிறவர் பெரும்பாலும் மலாய் மொழியில்தான் கேட்பார். எந்தத் தோட்டம், எந்தச் சாலையிலிருந்து உள்ளே வரவேண்டும், எத்தனையாவது மைல், அருகில் கோயிலோ பெட்ரோல் நிலையமோ உண்டா, எரிவது வீடா காடா, உள்ளே ஆள் இருக்கிறதா? பாட்டி மட்டும் வீட்டில் இருக்கும்போது இதைச் சொல்லப்போவது எட்டு வயதுப் பிள்ளையாகவும் இருக்கலாம். ஆகவே இன்றிரவே உங்கள் பிள்ளையைக் கூப்பிட்டு, நீங்கள் பொம்பா அலுவலராகவும் பிள்ளை அழைப்பவராகவும் இருந்து, நம் வீட்டுக்கு வரும் வழியை மலாயில் சொல்லச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறதோ அந்தச் சொல்லைத் தாளில் எழுதி, நாளைக்கு ஆசிரியரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள்.